கங்கைக்கரையில் ஒரு நைட் டியூட்டி

பாய் வாங்கத்தான் முதலில் போனேன். திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் ஏறினால் சேரன்மகாதேவிக்கு முன்னால் பத்தமடை வந்துவிடும். மெயின் ரோட்டை விட்டு உள்தெருவுக்குள் திரும்பியதும் கோரையின் வாசம் அடித்தது. ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டித் தரையோடு தரையாகத் தறி. ஒரு லாத்தா குனிந்து ஒவ்வொரு கோரையாகக் கோத்து, அச்சை இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். நூலைவிடக் கொஞ்சம்தான் பருமன், அவ்வளவு மெல்லிசாகக் கீறிய கோரை.

"ஒரு ஆளு உக்கார அளவுக்குப் போதுமா? எங்க கொண்டு போறிய?"

ரிஷிகேசம் என்றேன்.

"நம்ம ஊரு டாக்டர் சாமி இருந்த எடம்லா! ஈரம் மட்டும் பட்டுராமப் பாத்துக்கிடுங்க. பூஞ்சை புடிச்சிரும்."

நாள்கணக்கில் ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டுப் பக்குவப்படுத்துகிற கோரை அது. பாயான பிறகு ஈரம் ஆகாது என்பதை யோசித்தபடியே பஸ்ஸுக்கு நின்றேன்.

லாத்தா சொன்ன டாக்டர் சாமி, சுவாமி சிவானந்தர். 1887இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, 1913இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறி, ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் தொடங்கிப் பத்து வருஷம் வேலை பார்த்தார். பால்மரம் வெட்டப் போன நம் ஜனங்களின் காய்ச்சலையும் புண்ணையும் பார்த்த கை அது. 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார். மறு வருஷம் ரிஷிகேசத்தில் சந்நியாசம். என் அம்மா அவருடைய படத்தை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். எனக்கு அந்தப் படம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இருந்ததில்லை. முப்பத்துநான்கு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸ். ஓய்வு பெற்று ஏழாவது மாதம்தான், இனிமேலாவது உட்கார்ந்து கடவுளை நினைப்போம் என்று கிளம்பினேன்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன், அங்கிருந்து பஸ். கார்த்திகை மாதத்துக் குளிர். ரிஷிகேசம் ஊரைத் தாண்டி முனி கி ரேதி என்கிற இடத்தில், ராம் ஜூலா பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் ஆசிரமம். கீழே கங்கை பச்சையாக ஓடுகிறது. தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வேகம் முதலில் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆசன வகுப்புக்குப் போனேன். வார்டு வார்டாக நடந்து தேய்ந்த முட்டி மடங்கவில்லை. சொல்லிக்கொடுத்த இளைஞர் ஒரு கம்பளியை நாலாக மடித்து என் பாயின் மேல் போட்டு, சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னார். பதஞ்சலி முனிவர் ஆசனத்துக்கென்று ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள் என்று பிற்பாடு நூலகத்தில் படித்தேன். ஆடாமல் சுகமாக இருப்பதுதான் அவர் கேட்பது. எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் யமம், நியமம். பிற உயிரைத் துன்புறுத்தாமை, பொய் சொல்லாமை, திருடாமை என்று தொடங்கும் பட்டியல். இன்று யோகா என்றால் உடம்பை வளைக்கும் படம்தான் எங்கே பார்த்தாலும். முதல் இரண்டு படிகளைப் படம் பிடிக்க முடியாது என்பதால் அவை விட்டுப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கங்கைக்கரைக்கு வந்த பிறகும் குப்புசாமி டாக்டர் மருந்துப் பெட்டியை மூடவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பழைய இன்சூரன்ஸ் பாலிசி முதிர்ந்து வந்த பணத்தில், 1927இல் லட்சுமண் ஜூலாவில் தரும மருந்தகம் தொடங்கியிருக்கிறார். பத்ரிநாத் போகிற யாத்திரிகர்கள் அந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். நோயில் படுத்த சாதுக்களுக்கு மருந்து கொடுத்து, கால் பிடித்துவிட்டு, பிறகு தன் குடிலுக்குப் போய் ஜபம். 1936இல் டிவைன் லைஃப் சொசைட்டி தொடங்கியபோதும் சேவைக்குத்தான் முதல் இடம். அன்பு, தியானம், உணர்தல் எல்லாம் அதற்குப் பின்னால். எனக்கு அந்த மருந்துப் பெட்டிதான் மனதில் நின்றது.

அத்வைதம் படித்தவர்கள் இப்படிச் சேவை செய்வதைச் சித்த சுத்திக்கு வழி என்பார்கள். செயல் முக்தியைத் தராது, ஞானம்தான் தரும். ஆனால் அந்த ஞானம் வந்து தங்க மனம் துலக்கிய பாத்திரமாக இருக்க வேண்டும், துலக்குவது பலன் கருதாத செயல். அங்கே தங்கியிருந்த ஒருவர் என் வேலையைக் கேட்டுவிட்டு, "நீங்க ஏற்கெனவே கர்மயோகிம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. எரிச்சலோடு போட்ட ஊசி எத்தனை. சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டு பார்த்த வேலை எத்தனை. வேலை செய்ததாலேயே ஒருத்தி கர்மயோகி ஆகிவிட முடியாது. ஒரே வார்டு, ஒரே ஊசி, செய்கிற மனம் மட்டும் வேறாக இருக்க வேண்டும். அது எனக்கு எப்போதாவது வாய்த்திருக்கிறது. பல நாள் வாய்க்கவில்லை.

ஒரு ராத்திரி மட்டும் மறக்காது. இரண்டு வார்டுக்கு நான் ஒருத்தி. கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர், துணைக்கு ஆள் இல்லை. "சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம் பக்கத்துல உக்காருங்களேன்" என்றார். இந்தா வந்துர்றேன் ஐயா என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மணி மூன்றே முக்கால். கை இன்னும் சூடாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தியானம் என்று கண்ணை மூடினால் முதலில் வருவது அவர் முகம்தான்.

ஆசிரமத்தில் ஒரு பஜனைக் கூடம் இருக்கிறது. 1943 டிசம்பர் 3ஆம் தேதி அங்கே மகாமந்திரம் பாடத் தொடங்கினார்கள். பதினாறு நாமங்கள் கொண்ட ராம கிருஷ்ண மந்திரம். போர்க்காலத்தில் உலக நன்மைக்காக ஆரம்பித்தது, இரவு பகல் நிற்காமல் இன்றுவரை நடக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் அங்கே போய் வாசலோரம் பாயை விரித்து உட்கார்ந்தேன். பழைய டியூட்டிப் பழக்கம், இரண்டரை மணிக்கு மேல் எனக்குத் தூக்கம் வராது.

உள்ளே ஒரே ஒரு அம்மா, ஒடிசாக்காரர், சின்னத் தாளத்தைத் தட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முக்காடு போட்ட இன்னொருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் அம்மா நிறுத்தவில்லை. வந்தவர் மெதுவாகக் குரலைச் சேர்த்தார். இரண்டு மூன்று சுற்று இருவரும் சேர்ந்தே பாடினார்கள். வந்தவர் குரல் நிலைத்த பிறகுதான் முதல் அம்மா வாயை மூடி, தாளத்தை அவர் கையில் கொடுத்து, கும்பிட்டு எழுந்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எனக்குத் தெரியும். காலையில் அடுத்த சிஸ்டர் வந்து, கட்டில் கட்டிலாகக் கூடவே நடந்து, எந்த டிரிப் எப்போது முடியும், யாருக்கு மூச்சு இழுக்கிறது என்று கேட்டுக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போடும்வரை வார்டை விட்டு வரக்கூடாது. அந்தச் சில நிமிஷம் வார்டில் இரண்டு பேர் இருப்போம். யாருமே இல்லாத நிமிஷம் என்று ஒன்று இருக்கவே கூடாது. இங்கே 1943லிருந்து அப்படி ஒரு நிமிஷம் வராமல் காத்து வருகிறார்கள்.

மறுநாள் போய், எனக்கும் ஒரு மணி நேரம் தருவீர்களா என்று கேட்டேன். மூன்றிலிருந்து நான்கு என்றார்கள்.

பாயை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். குரல் முதலில் நடுங்கியது, பிறகு பிடிபட்டது. கண் தானாக மூடியது. பெரியவர் வந்தார். எப்போதும் அந்த முகம் வந்தவுடன் கண்ணைத் திறந்துவிடுவேன். அன்றைக்குத் திறக்கவில்லை. வாய் நாமத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த வார்டு இல்லை, கூப்பிட ஆள் இல்லை. நான்கு மணிவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் எனக்கு இட்ட வேலை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எப்போது நான்கானது என்று தெரியவில்லை. பக்கத்தில் சேலை உரசியது. ஒரு குரல் என் குரலோடு சேர்ந்தது. இரண்டு சுற்று சேர்ந்தே பாடினோம், பிறகு தாளத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். கணுக்காலில் பாயின் வரி வரியான தடம் பதிந்திருந்தது.

விடிய இன்னும் நேரம் இருந்தது. படித்துறைக்கு இறங்கினேன். கல்லெல்லாம் பனி. பாயைச் சுருட்டிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, ஈரப் படியிலேயே உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டேன்.