எதைப் பார்க்கச் சொன்னோம்?

தரவுத்தளத்தைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு, எந்தெந்த டேபிளைப் பார்க்க வேண்டும் என்று ஆள் உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். ஸாபிக்ஸ் போன்ற மென்பொருள்களில் அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்படியும் விடலாம். ஐடி அலுவலகங்களின் இந்தப் பழைய வழக்கு, வடசென்னையின் திருவொற்றியூர்ப் பக்கம் காற்றின் மாசை அளப்பதிலும் நடக்கிறது.

கைமுறை நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வடிதாள் மாட்டி, 24 மணி நேரம் காற்றை இழுத்து, தாளை எடைபோட்டுத் தூசியைக் கணக்கிடுவார்கள். ஆண்டுக்கு 104 நாள். மற்ற நாள் காற்று யார் கணக்கு? மணலியிலுள்ள தானியங்கி நிலையம் இரவு பகலாக எண்களை அனுப்புகிறது. ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் தானியங்கிதான், சந்தேகமில்லை.

ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஊரை எழுப்பியது மூக்கும் கண்ணெரிச்சலும்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ரோட்டுக்கு ஓடியது. பிறகு அளந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலை வாசலருகே கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் என்றது. வரம்பு 400.

கண்காணிப்பு மென்பொருளின் தானியங்கித் தேடலும் அப்படித்தான்; நாம் போட்ட ஃபில்டருக்குள்தான் தேடும். டேபிள்களின் தொகுப்பான ஒரு ஸ்கீமாவை விலக்கி வைத்தால், அதற்குள் எத்தனை டேபிள் முளைத்தாலும் திரையில் பச்சை விளக்குதான்.

அதே மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. காற்று நிலையத்தின் பட்டியலில் தண்ணீர் கிடையாது. படகும் வலையும் கறுத்த மீனவர்களே பிறகு வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள்.