"ஊத்துறதை நிறுத்துங்கண்ணா!" - 70 வளைவுகள், ஒரு பழைய பிக்கப், ஒரு சொம்புத் தண்ணீர்

கொல்லிமலையின் 46-வது கொண்டை ஊசி வளைவில் அந்தப் பிக்கப் வண்டி நின்றபோது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டீயரிங்கில் 63 வயது அப்பா. ஓரத்தில் மகள். இருவருக்கும் நடுவில் ஏழு வயதுப் பேத்தி. பின்னால் ஆறு மூட்டை அரிசியும் வீட்டுச் சாமான்களும்.

ஆடி மாதம். ஆடிப்பெருக்குக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் மலையேறும் கூட்டம். காரவள்ளி அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வளைவில் பஸ் திரும்ப வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். முதல் கியரிலேயே ஏறுவதும் நிற்பதுமாக வந்த வண்டியின் முன்பக்கத்திலிருந்து திடீரென்று ஆவி கிளம்பியது. அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் ஓடியது.

"தண்ணி போச்சு!" என்று கத்தியபடியே அவர் இன்ஜினை அணைத்தார். இறங்கி பானெட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்தார்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. ஆறட்டும்" என்று மகள் இறங்குவதற்குள் மூடி திரும்பிவிட்டது.

அடுத்த நொடி கொதிநீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. வலது உள்ளங்கையும் முழங்கை வரையிலும் வெந்துவிட்டன. வேடிக்கை பார்க்கத் தாத்தாவின் பின்னாலேயே இறங்கி வந்திருந்த பேத்தி இரண்டடி தள்ளி நின்றதால் தப்பித்தாள். அவள் சட்டையில் மட்டும் பச்சைத் துளிகள்.

மகள் நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் டூத் பேஸ்ட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. வண்டியிலிருந்த குடிநீர் கேனை எடுத்து 20 நிமிடம் அப்பாவின் கையில் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெந்த இடத்துக்கு முதலில் வேண்டியது அதுதான். பேஸ்ட், மாவு, இங்க் எதையும் தடவக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து, ஆறிய ரேடியேட்டரில் மீதித் தண்ணீரை ஊற்றி, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஓட்டி வந்து வண்டியை வீட்டில் சேர்த்தார். அன்று ராத்திரியே அவர் சொல்லிவிட்டார்: "இந்த வண்டி இனி வேண்டாம். காயலான் கடைக்குப் போட்ருவோம்."

ஒரு சொம்பின் கதை

1993-ல் நாமக்கல்லில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டீசல் ஜீப் பிக்கப் அது. பலாப்பழம், மலை வாழை, மிளகு என்று மலையில் விளைந்ததெல்லாம் அதில்தான் கீழே இறங்கியது. சிமென்டு, அரிசி, கல்யாணப் பந்தி பாத்திரம் எல்லாம் அதில்தான் மேலே ஏறின. இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்த வண்டி சம்பாதித்ததுதான்.

தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன்பே அவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு வண்டியிடம் போவார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு வரை ஊற்றுவார். வழியும் வரை ஊற்றினால்தான் மனசு ஆறும். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

1995 கார்த்திகை. மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி, இதே வண்டியில் அடிவாரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பாதி வழியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்து, இருந்த தண்ணீர் மொத்தமும் ரோட்டில் போய்விட்டது. மழை, இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்த லாரி ஒன்றில் ஏற்றி மனைவியைக் கொண்டுபோனார். விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. 46-வது வளைவில் அப்பாவின் கையில் தண்ணீர் ஊற்றிய அதே மகள்.

அன்றிலிருந்து ரேடியேட்டரில் ஒரு விரல் குறைந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

கடந்த இரண்டு வருடங்களாகத்தான் சிக்கல். ஒவ்வொரு முறை மலையேறி வந்து நிறுத்தும்போதும் வண்டிக்கு அடியில் ஒரு குட்டை. மகள் வாங்கிக் கொடுத்த பச்சை நிறக் கூலன்ட்டும் அதே வழியில் போனது. மறுநாள் காலை பார்த்தால் ரேடியேட்டரில் இரண்டு விரல் குறைந்திருக்கும். அவர் மறுபடி ஊற்றுவார். வண்டி மறுபடி தள்ளும்.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பார்த்தவுடனே சொன்னார்: "ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும். நாற்பதாயிரம் ஆகும்." கை வெந்த பிறகு, அந்தத் தொகையை விட விற்பதே மேல் என்று அவர் முடிவுசெய்ததில் ஆச்சரியமில்லை.

மகள்தான் விடவில்லை. "விக்கிறதா இருந்தாலும் என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்கிட்டு விப்போம்பா" என்றாள்.

பாட்டில் சொன்ன பதில்

லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். அங்கே ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறை. கை ஆறிய மூன்றாவது வாரம், விடியற்காலைக் குளிரில் வண்டியை மெதுவாக இறக்கிக் கொண்டுபோனார்கள். பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வண்டியைப் பார்த்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார்.

"தண்ணி எந்த வழியாண்ணா போகுது? மூடிக்குக் கீழ இருக்கிற சின்னக் குழாய்லயா, வேற எங்கயாவதா?"

"குழாய்லதான்."

"தினமும் எவ்வளவு ஊத்துவீங்க?"

"வழியுற வரைக்கும்."

பட்டறைக்காரர் சிரித்தார். இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்து மூடியைத் திறந்தார். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மூடாமலேயே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் புகுந்து குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும். இங்கே குமிழ் இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கும். அதுவும் இல்லை. சைலன்சரில் விடாமல் வரும் வெள்ளைப் புகையும் இல்லை.

பிறகு மூடியைப் போட்டு, அந்தச் சின்னக் குழாயின் நுனியில் ஒரு காலி பாட்டிலைக் கட்டினார். மகள் பக்கத்தில் உட்கார, அவரே புறவழிச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார். பாட்டிலில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்திருந்தது. பேத்தி அதைத் தூக்கிப் பிடித்து, "இவ்ளோ ஓட்டையா தாத்தா?" என்று கேட்டாள்.

"ஓட்டை இல்ல பாப்பா. தாத்தா அதிகமா ஊத்துனது" என்றார் பட்டறைக்காரர்.

ஆறிய பிறகு அவர் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. மூடியைத் திறந்து காட்டினார். கழுத்திலிருந்து இரண்டு விரல் கீழே தண்ணீர் நின்றது. உள்ளே தெரியும் ட்யூப்கள் எல்லாம் மூழ்கித்தான் இருந்தன. அப்படியே மூடிவிட்டு இன்னொரு அரை மணி நேரம் ஓட்டினார். இந்த முறை பாட்டிலில் ஒரு சொட்டுகூட இல்லை.

"ஹெட்டையெல்லாம் இறக்க வேண்டாமுங்க. நீங்க ஊத்துறதை நிறுத்துங்கண்ணா, அது போதும்."

விஷயம் எளிமையானது. தண்ணீர் சூடானால் விரியும். 30 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீர் 90 டிகிரியைத் தொடும்போது 300 மில்லிக்கு மேல் கூடிவிடும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். இப்போதைய வண்டிகளில் அந்தக் கூடுதலைப் பிடித்துவைக்க பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பாட்டில் கிடையாது. மிஞ்சியது குழாய் வழியாக ரோட்டுக்குப் போகும். அதனால் விரிவதற்கு மேலே இடம் விட வேண்டும். அந்த இடத்தைத்தான் அவர் தினமும் காலையில் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அப்போ அன்னைக்கு ஆவி வந்ததே?" என்றாள் மகள்.

பட்டறைக்காரர் பழைய மூடியைக் கையில் எடுத்தார். அதில் 7 பவுண்டு என்று பொறித்திருந்தது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் அந்த அழுத்தம் வரை தண்ணீரை அடக்கி வைத்தால், கொதிநிலை 10 டிகிரிக்கு மேல் உயரும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் சாதாரணத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மலை வண்டிக்கு மூடி முக்கியம். இந்த ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. நெரிசலில் காற்றோட்டம் இல்லை. போதாததற்கு, சூடான இன்ஜினைச் சட்டென்று அணைத்ததும் வாட்டர் பம்பும் ஃபேனும் நின்று, உள்ளே தங்கிய சூடு தண்ணீரை மேலும் கொதிக்கவிட்டது. மூடியைத் திறந்ததும் மிச்சமிருந்த அழுத்தமும் போய், கொதிநீர் ஆவியோடு மேலே வந்துவிட்டது.

"டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு வந்துச்சாண்ணா?"

அவர் யோசித்தார். பார்க்கவே இல்லை. மகள் பார்த்திருந்தாள். முள் நடுவைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தது.

வெடித்தது எது?

கிளம்பும் நேரத்தில்தான் அவர் 1995-ம் வருடத்துக் கதையைச் சொன்னார். ஏன் விளிம்பு வரை ஊற்றுகிறார் என்று பட்டறைக்காரருக்குப் புரியவைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்த மேல் ஹோஸை விரலால் அழுத்திக் காட்டினார். கிளிப் பக்கத்தில் உப்பி, மெத்தென்று இருந்தது. ஓரத்தில் மயிரிழை விரிசல்கள்.

"அன்னைக்கு வெடிச்சது ஹோஸுங்கண்ணா. தண்ணி குறைஞ்சதால இல்ல. ரேடியேட்டர் ரொம்பியிருந்தாலும் அன்னைக்கு அத்தனையும் போயிருக்கும். இதோ, இதுவும் அதே மாதிரி ஆயிடுச்சு. இதை எப்ப மாத்துனீங்க?"

பதில் இல்லை. கடைசியாக எப்போது மாற்றினார் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் தினமும் திறந்து பார்த்தது தண்ணீரை. ஒரு நாளும் கை வைத்துப் பார்க்காதது ஹோஸை.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. மேல், கீழ் இரண்டு ஹோஸும் புதிது. அதே 7 பவுண்டில், திரும்ப உறிஞ்சும் வால்வு உள்ள புது மூடி. கூடுதல் பவுண்டு மூடி போட்டால் பழைய பித்தளை ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுப்போகலாம் என்பதால் அதே அளவு. சின்னக் குழாயின் மறுநுனி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிவரை போகும்படி பொருத்தினார். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. மலைக் கிணற்று உப்பு இனி ட்யூபை அடைக்காது. நாற்பதாயிரம் என்று பயந்த வேலை, நாலாயிரத்துக்குள் முடிந்தது.

"இந்தப் பச்சைத் தண்ணி இனிப்பா இருக்கும், ஆனா விஷம். நாய், ஆடு நக்கிடாம பாத்துக்குங்க. மிச்சத்தைக் குடிக்கிற பாட்டில்ல மட்டும் ஊத்தி வெச்சிராதீங்க" என்று பேத்தியைப் பார்த்துக்கொண்டே சொல்லி அனுப்பினார் பட்டறைக்காரர்.

மகள் ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டில் ஒட்டினாள்:

* முள்ளைப் பார். சிவப்புக்குப் போகுமுன் ஓரம் கட்டு.
* ஏறி முடித்ததும் இரண்டு நிமிடம் இன்ஜின் ஓடட்டும். பிறகு அணை. முள் சிவப்பைத் தொட்டிருந்தால் உடனே அணை.
* சூட்டில் மூடியைத் தொடாதே. அரை மணி நேரம் பொறு. அப்போதும் ஹோஸ் விறைப்பாக இருந்தால் இன்னும் பொறு.
* கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. ஹெட் விரிசல் விடும்.
* மாதம் ஒருமுறை, ஆறிய வண்டியில் ஹோஸை அழுத்திப் பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மறுபடி மலையேறினார்கள். பேத்தி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். 46 வந்தபோது தாத்தாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முள்ளைப் பார்த்தார். நடுவில் இருந்தது. எழுபதும் முடிந்து சோளக்காட்டில் நிறுத்தி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். பேத்தி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது.

சொம்பை மட்டும் அவரால் விட முடியவில்லை. மறுநாள் காலையிலும் தண்ணீரோடு வண்டியிடம் போனார். பாட்டிலில் கோட்டின் அளவைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கி ஹோஸை ஒருமுறை அழுத்தினார். பிறகு சொம்புத் தண்ணீரை வாசலோரக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

திண்ணையிலிருந்து அதைப் பார்த்த அவர் மனைவி சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி குடிக்க ஒரு வாய் தண்ணி கேட்டேன், இல்லைன்னீங்க. வண்டிக்கு மட்டும் இத்தனை வருசமா ஊத்துனீங்க."

அவர் உள்ளே போய், அதே சொம்பைக் கழுவி, தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார்.