கவனத்துக்கு ஓர் அளவுகோல்

எடையை அளக்கத் தராசு உண்டு. வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. ஒருவர் ஒரு செயலில் எவ்வளவு ஈடுபட்டிருக்கிறார் என்பதை அளக்க முடியுமா? அதிலும், பேச்சும் நினைவும் பெரும்பாலும் போய்விட்ட ஒருவரிடம்? விடுதி நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தனர்.

சித்தூரில் என் பாட்டிக்கு முதுமை மறதிநோய் முற்றிய நிலை. பெற்ற மகனைத் தெரியாது. வாழ்ந்த வீடும் தெரியாது. "அம்மாவுக்கு இனி ஒன்றும் எட்டாது. பின்கட்டு அறையில் படுக்க வைத்துவிடலாம்" என்று சித்தப்பா சொல்லத் தொடங்கியிருந்தார். அவர் கொடியவர் அல்லர், களைத்தவர். இரவெல்லாம் விழித்திருப்பவரும் அவரே. ஆயினும், "ஒன்றும் எட்டாது" என்பது ஒரு கூற்று. கூற்றைச் சோதித்துப் பார்ப்பதன்றோ விஞ்ஞான மாணவனின் வேலை?

திருப்பதியில் இருந்தபடி தேடிப் படித்தேன். ஜிஸ்கா கோகன் மான்ஸ்பீல்டு அம்மையாரும் உடனுழைத்தோரும் 2009-இல் ஒரு முறையை வெளியிட்டிருக்கின்றனர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஏழு முதியோர் இல்லங்களில், 193 பேரைக் கவனித்து வகுத்தது. நோயாளியின் முன் ஒரு பொருளை வைக்கிறார்கள். ஏற்றாரா, மறுத்தாரா? எத்தனை விநாடி ஈடுபட்டார்? கவனம் நான்கு படிகளில் எது? முகமும் குரலும் காட்டும் மனநிலை, மிகுந்த வெறுப்பு முதல் மிகுந்த விருப்பு வரை ஏழு படிகளில் எது? அவ்வளவே. நோயாளியிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நினைவாற்றல் தேர்வு வைத்தால் இந்நிலையில் கிடைப்பது சுழியம். அந்தச் சுழியம் நமக்கு எதையும் சொல்வதில்லை. இம்முறையோ எஞ்சியிருப்பதைத் தேடுகிறது.

நம் நாட்டில் அறுபது வயது கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் வீட்டிலேதான் இருக்கின்றனர். தாளும் கடிகாரமும் ஏந்திக் குறித்துக்கொள்ள அங்கே தாதி ஏது?

ஆகவே சனிக்கிழமைதோறும் பேருந்தேறிச் சித்தூர் சென்றேன். தொலைக்காட்சி: அரை நிமிடம். புகைப்படத் தொகுப்பு: தள்ளிவிட்டார். பொம்மை: நாற்பது விநாடி, முகத்தில் எரிச்சல். மேரிலாந்தில் துண்டு மடிக்கக் கொடுத்தார்களாம். பாட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். நான்காம் வாரம் ஒரு தட்டில் பஞ்சு வைத்தேன். பாட்டி அறுபது ஆண்டுகள் நாள் தவறாமல் விளக்குத் திரி திரித்தவர். விரல்கள் பஞ்சைப் பிரித்தன, கொட்டையைத் தேடின, உள்ளங்கையில் வைத்து உருட்டின. ஆறு நிமிடம், பத்து விநாடி. கவனம், நான்கில் மூன்றாம் படி.

மற்றொன்றும் கண்டேன். உதவிக்கு வரும் அம்மாள் தெலுங்கில் "தீஸ்கோண்டி" என்றால் பாட்டியின் கை அசையாது. "எடுத்துக்கோம்மா" என்றால் எடுக்கும். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசியே ஆயுளைக் கழித்தவர், இன்று ஆரணிப் பக்கத்துத் தமிழுக்கே செவி சாய்க்கிறார். இங்கே ஒரு செய்தி: ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி அம்மையாரின் குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி, இருமொழி பேசுவோருக்கு இந்நோய் சராசரி நான்கரை ஆண்டு பிந்தியே தொடங்கியது. பாட்டிக்கு அது பொருந்திற்றா என்று ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது.

ஓர் ஐயம் எழுந்தது. அவரை ஈர்த்தது பஞ்சா, பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதா? தட்டை வைத்துவிட்டுத் தூணோரம் நின்றேன்: இரண்டு நிமிடம். எதிரில் அமர்ந்து நானும் திரித்தேன்: ஒன்பது நிமிடம். அடுத்த வாரமும் ஏறக்குறைய அதே. வெறும் பொருளைவிட உடனிருக்கும் மனிதரே மிகுதியாக ஈர்க்கின்றனர் என்றுதான் மேரிலாந்து ஆய்வும் காட்டியது.

தாளைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். விநாடிக் கணக்கை விரலால் தடவிப் படித்தார். "ஒன்பது நிமிஷமா?" என்றார். வேறொன்றும் பேசவில்லை. கட்டில் கூடத்திலேயே இருக்கிறது.

விநாடியை எண்ணுவது எளிது. முகத்தைப் படிப்பதே கடினம். அதனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கை தனித்தாளில் மதிப்பிடுகிறாள், பிறகு ஒப்பிடுகிறோம். இப்போது மாலை வேளையையும் அளக்கத் தொடங்கியிருக்கிறோம். அந்நேரத்தில்தான் பாட்டிக்கு அலைக்கழிவு அதிகம். வார நாட்களில் நான் திருப்பதியில் இருப்பதால் கடிகாரம் சித்தப்பாவின் கையில்.