பறங்கியர் வீட்டு வயலின்

மட்டக்களப்பில் ஒரு பறங்கியர் வீட்டுக் கல்யாணம். வயலின் வாசிக்கும் பெரியவருக்குப் பகலில் தச்சு வேலை. இழைப்புளி பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள்தான் தந்தி மேல் ஓடுகின்றன. பக்கத்தில் கிட்டார், மண்டலின், ரபான். யார் முன்னாலும் இசைக்குறிப்புத் தாள் இல்லை. அப்பா வாசித்ததைக் கேட்டு மகன், மாமா வாசித்ததைக் கேட்டு மருமகன் என்று காது வழியே வந்த வித்தை. தாளம் துள்ளத் தொடங்கியதும் ஜோடி ஜோடியாக எழுந்து ஆட வருகிறார்கள்.

அந்த ஆட்டத்துக்குக் கஃப்ரிஞ்ஞா என்று பெயர். ஆப்பிரிக்கர்களைப் போர்த்துகீசியர் அழைத்த சொல்லிலிருந்து பிறந்தது. இலங்கையே தாளம் போடும் பைலாப் பாட்டுக்கு இதை மூத்த அக்கா என்று சொல்லலாம்.

பறங்கி என்றதும் நமக்குப் பறங்கிமலையும் பறங்கிக்காயும் ஞாபகம் வரும். போர்த்துகீசியர் இலங்கையில் கால் வைத்தது 1505-ல். மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628-ல். பத்தே வருடத்தில், 1638-ல், டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆங்கிலேயர். கொடி மூன்று முறை மாறியும் போர்த்துகீசிய வழி வந்தவர்களில் ஒரு சிறு கூட்டம் இங்கேயே தங்கிவிட்டது. தச்சு, கொல்லுப்பட்டறை, தையல் என்று கைத்தொழிலில் ஊன்றியது. தேவாலயமும் கல்யாண வீடும்தான் அவர்கள் கூடும் இடங்கள்.

தெருவில் தமிழ், பள்ளியில் தமிழ், வீட்டுக்குள் போர்த்துகீசியம். அந்தப் போர்த்துகீசியமும் இந்த மண்ணோடு சம்பந்தம் செய்துகொண்டது. நம் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். லிஸ்பனிலிருந்து ஒருவர் வந்தால் முதலில் திணறித்தான் போவார். பதிலுக்கு நாமும் வாங்கியிருக்கிறோம். மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாமே போர்த்துகீசியச் சொற்கள். அந்தத் தச்சர் இழைப்பதெல்லாம் தன் முன்னோர் பேர் வைத்த சாமான்கள்தான்!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய போர்த்துகீசியர்களுக்குப் பித்தளை வாத்தியங்கள் முழங்கும் பேண்டு குழுக்கள் உண்டு. சீருடை போட்டு, திருவிழா ஊர்வலத்தில் அணிவகுத்து வாசிப்பார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் சங்கீதப் பள்ளிக்கூடமும். அவர்கள் நினைத்தால் விமானம் ஏறித் தாயகம் போய் வரலாம். மட்டக்களப்புக்காரர்களுக்கு அந்த வழி எப்போதோ அடைபட்டுப்போனது. ஊர்வலமும் இல்லை, சீருடையும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கும் இந்தக் கல்யாணக் கச்சேரிதான் மிச்சம். அதனால்தான், வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறும் கல்யாணங்களைப் பார்த்தால் பெரியவருக்கு மனசு ஆறாது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல், கரையோரம் டச்சு பார் பகுதியில் இருந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை வாரிக்கொண்டது. போனவர்களோடு எத்தனை பாட்டுகள் போயினவோ. பின்னாளில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து, மிஞ்சியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார்கள். பதிவு பத்திரமாக இருக்கும், சரி. அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டாமா? இளையவர்களில் பலருக்குப் பாட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை.

ஒரு பாட்டு முடிந்து வயலின் ஓய்ந்த நேரம். ரபான் தட்டிக்கொண்டிருந்த பேரன் குனிந்து கேட்டான்.

"இந்தப் பாட்டுக்கு என்ன கருத்து, தாத்தா?"

பெரியவர் சிரித்தார். "பொம்பிளைப் பிள்ளையச் சீண்டுற பாட்டு மனே. முழுசா அம்மம்மாவுக்குத்தான் தெரியும், போய்க் கேளு."

அம்மம்மா சமையல் கட்டில் இருந்தாள். பையன் எழுவதற்குள் யாரோ அடுத்த பாட்டைக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவன் மறுபடியும் ரபானை மடியில் வைத்துக்கொண்டான்.