காரணம் தேடிய கதை

எங்கள் இல்லத்துக் கணிப்பொறி சில திங்களாக முன்னறிவிப்பின்றி அணைந்து, தானே மீண்டும் எழுந்தது. மகளின் ஆய்வேடு அதனுள் இருந்தமையால் வீடே கலங்கியது. “வைரஸ் புகுந்திருக்கும்” என்றனர் சிலர். “புதிது வாங்குக” என்றனர் வேறு சிலர்.

ஆய்வேட்டை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தோம். பின்னர், பிழை நேர்ந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் விண்டோஸ் அமைப்பை நிறுத்தினோம். மென்பொருட் பிழையாயின் பெரும்பாலும் பிழைத்திரை நின்று குறிப்புக் காட்டும், அது தோன்றவில்லை. நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்னும் எண் இருந்தது. கணிப்பொறி முறையாக அணையவில்லை என்பதன்றி அவ்வெண் காரணம் உரைக்காது.

ஐயம் வெப்பத்தின்பாலும் மின்சாரத்தின்பாலும் திரும்பியது. தூசு அகற்றினோம், வெப்பம் தணிந்தும் கோளாறு நீங்கவில்லை. 12 வோல்ட் தரவேண்டிய மின்வழங்கி, சுமை கூடுகையில் 11.4-க்கும் கீழே தாழ்வதை அளவி காட்டியது. அதை மாற்றியபின் கணிப்பொறி ஒருமுறையும் அணையவில்லை.

மாணவச் செல்வங்களே! ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தமையால் காரணம் பிடிபட்டது. ஊகம் பல வழி காட்டும். சோதனையே உண்மையிடம் சேர்க்கும்.