உகந்தைக் கரையில் இரண்டு இரவுகள்

இலங்கையின் கீழ்க்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர்க்குப் பொத்துவிலோடு ஊர்கள் அருகத் தொடங்கும். அறுகம்பையில் மட்டும் ஆரவாரம் உண்டு. சித்திரை கழிந்து ஐப்பசி பிறக்கும்வரை, அலைமேல் பலகையிட்டுச் சறுக்கி விளையாடும் பிறநாட்டார் அங்கே வந்து குவிவர். அதையும் கடந்தால் பாணமை; வயலும் குளமும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். பாணமைக்கு அப்பால் காடுதான். அக்காட்டு வழியில் 15 கிலோமீற்றருக்கு மேற் சென்றால், குமண தேசியப் பூங்காவின் வாயிலருகே, கடலும் கற்பாறையும் முருகன் கோயிலும் ஒருங்கே அமைந்த உகந்தையை அடையலாம்.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், காட்டுப்பாதை திறக்கும் நாளை எதிர்பார்த்துத் தங்குமிடம் இது. முருகப்பெருமான் வந்திறங்கிய ஓடமே கரையிற் கல்லாய்க் கிடக்கிறது என்பது ஐதீகம். வள்ளியம்மன் மலையேறினால் பாறைச் சுனைகளைக் காணலாம். போர்க் காலத்தில் இப்பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. அக்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு உகந்தை வெறும் பெயராகவே இருந்தது. நாமும் அவர்களுள் ஒருவரே.

யாத்திரிகர் கூட்டம் கலைந்தபின், ஆவணி விடுமுறையிற் சென்றோம். நம் இல்லாளும் பிள்ளைகள் இருவரும் மாணவர் நால்வரும் உடன் வந்தனர். கோயிலாரின் இசைவு பெற்று மரநிழலிற் கூடாரம் அடித்தோம். பொழுது சாயுமுன் சமைத்து உண்டுவிட வேண்டும், பழமும் உப்பும் கூடாரத்துள் இருக்கலாகாது என்று முதலிலேயே எச்சரித்தனர். காரணம் யானை. வாழைப்பழச் சீப்பொன்றை மனமில்லாமற் குரங்குகளுக்குக் கொடுத்தோம். அவை நன்றி சொல்லவில்லை. நள்ளிரவில் கிளை முறியும் ஓசை கேட்டது. பிள்ளைகள் மூச்சுவிடவும் அஞ்சிக் கிடந்தனர். சற்று நேரத்தில் கடலின் முழக்கம் ஒன்றே எஞ்சியது.

அக்கடலை வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாம் சோளகம் என்பதை மட்டக்களப்புப் பக்கத்தார் கச்சான் என்பர். காலையில் அக்காற்று தரையிலிருந்து கடல்நோக்கி வீசுவதால், அலையின் முகம் சிதறாமற் கண்ணாடிபோல் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் இவ்வலைகளை எழுப்பியது அக்காற்று அன்று. தென்துருவப் பக்கத்துப் பெருங்கடலில், குளிர்காலப் புயல்களிற் பிறந்தவை அவை. இடையே தடுக்க நிலமின்றி வடக்கே வருகின்றன. 15 வினாடிக்கொரு முடியாக வரும் அலைக்கூட்டம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் கடக்கும். ஆகவே நாம் பார்த்தது ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முந்திய புயலை! ஆழ்கடலில் இந்த அலைகளைப் படகிலிருப்போர் உணர்வதும் அரிது. கரையை அணுகியதும் கடலடித் தரை தடுக்கிறது. வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது, ஈற்றில் தலை கவிழ்கிறது. உகந்தையிலோ தெற்கே பாறை முனை இருப்பதால், அலை அதனைச் சுற்றி வளைந்து, ஒரேயடியாக உடையாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக உடைந்துகொண்டே போகிறது. பலகைக்காரர் வழுக்கிச் செல்வது அந்த உடைவின் முன்னேதான்.

அன்று காலை அவ்வாறு வந்தவர் ஐந்தாறு பேர். இருவர் அறுகம்பை இளைஞர். அங்கே 2018 இல் பெண்களும் தமக்கென ஒரு சங்கம் அமைத்து இவ்விளையாட்டில் இறங்கினர் என்பதைச் சொன்னபோது நம் மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் கடலைப் பார்த்தாள்.

மாணவருள் ஒருவன் காரைதீவைச் சேர்ந்தவன். 2004 டிசம்பர் 26 இல், அவன் பிறக்குமுன்பே, தமையன் ஒருவனைக் கடல் கொண்டுவிட்டது. வீட்டார் அவனை முழங்காலளவு நீரிலும் இறங்க விட்டதில்லை. தொலைபேசி இயங்கிய கடைசி இடமான பாணமையில் தந்தையார் நம்மிடம், "கடலைப் பார்க்கட்டும் சேர், இறங்க மட்டும் விடாதீங்க" என்று கேட்டிருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டோம், ஏனையோர் நனைந்து கூத்தாட, அவன் பாறையில் அமர்ந்திருந்தான்.

வலை காயவிட்டிருந்த முதிய மீனவர் ஒருவர் அவனருகே வந்து குந்தினார். "தம்பி, நுரை எறியிற இடத்துக்குப் பயப்பிடாத. நுரையில்லாமக் கறுத்துக் கிடக்கு பார், அதுக்குப் பயப்பிடு" என்று கைநீட்டிக் காட்டினார்.

அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் மீள வேண்டுமல்லவா? ஆழமான வாய்க்கால் ஒன்றைத் தேடி அது திரும்புகிறது. ஆழமாதலால் அங்கே அலை உடையாது. குளிக்க வருவோருக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டால் களைத்து அமிழ்வார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அதன்பின் கரைக்குத் திரும்ப வேண்டும். மிதக்கத் தெரிந்தவர்க்கே இது பயன்படும். கடல் சூழ்ந்த தீவில் வாழும் நம் பிள்ளைகளுட் பலர் நீந்தத் தெரியாமலே பட்டமும் பெற்றுவிடுகின்றனர். நம் கல்லூரிகள் இதைப்பற்றி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. உகந்தையிலோ அவசரமென்றால் பொத்துவில் வரை ஓட வேண்டும்.

மறுநாட் காலை அவன் நமக்கு முன்பே எழுந்து பாறைக்குப் போயிருந்தான். "சேர், நேற்றிருந்த இடத்தில் இல்லை, வடக்கே நகர்ந்துவிட்டது" என்றான். மணல் இடம்மாற நீரின் வழியும் மாறியிருந்தது. நம் பிள்ளைகளை எங்கே குளிக்க விடலாமென்று அவனே குறித்துக் கொடுத்தான். அம்மீனவர் வந்து பார்த்துத் தலையசைத்தபின்னரே அவர்களை இறங்க விட்டோம்.

நண்பகலிற் கூடாரத்தைச் சுருட்டினோம். குப்பைகளை வண்டியில் ஏற்றுவதற்கே அரை மணி பிடித்தது. நமக்கு முன் வந்தோர் விட்டுச் சென்ற போத்தல்களும் அவற்றுட் சேர்ந்தன. பாணமையில் தொலைபேசி உயிர்பெற்றதும் அவன் வண்டியை விட்டிறங்கித் தந்தையாருடன் பேசினான். நீந்தப் பழக எங்கே இடமுண்டு என்று அவன் கேட்டது நம் காதில் விழுந்தது. மறுமுனையில் என்ன சொன்னார்களோ, நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.