ஓசியில் வந்த பேச்சு

அமெரிக்காவில் ஒரு ஆள் ஏதோ ஒரு ஊரில் மைக் முன்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் அரசியல் பேசுவார். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான ரேடியோ ஸ்டேஷன்கள் அதை அப்படியே ஒலிபரப்பும். இதற்குப் பெயர் சிண்டிகேஷன். இதில் ராஜா ரஷ் லிம்பா. 1988-ல் ஆரம்பித்தவர், 2021 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய நேரத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த நாற்காலி மட்டும் காலியாகவே இருக்கிறது.

ஏன் இந்தச் சரிவு? கேட்டால் எல்லோரும் பாட்காஸ்ட்டைக் கை காட்டுகிறார்கள். காமர்ஸ் படிக்கிற எனக்கு வேறு கணக்கு தெரிகிறது.

இந்த வியாபாரம் பெரும்பாலும் பண்டமாற்று. சின்ன ஸ்டேஷன்கள் நிகழ்ச்சிக்குக் காசு தர வேண்டாம். மணிக்கு இத்தனை நிமிட விளம்பர நேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும். உள்ளூர் பேச்சாளருக்குத் தரும் சம்பளம் மிச்சம். பாட்டெல்லாம் எஃப்.எம்.முக்குப் போய்விட்டதால் ஏ.எம். ஸ்டேஷன்களுக்கு இது அதிர்ஷ்டம். 1987-ல் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியும் போனது.

அடுத்து 1996 சட்டம். நாடு முழுக்க ஒரு கம்பெனி எத்தனை ஸ்டேஷன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. கடன் வாங்கி வாங்கிக் குவித்தார்கள். வட்டி கட்டச் செலவைக் குறைக்க வேண்டுமே? முதலில் வெட்டு விழுந்தது உள்ளூர் ஆட்களுக்குத்தான். அப்படியும் தப்பவில்லை. க்யூமுலஸ் 2017-ல், ஐஹார்ட் 2018-ல், ஆடசி 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. லிம்பா வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1984 முதல் சாக்ரமெண்டோவில் கே.எஃப்.பி.கே. என்ற ஸ்டேஷனில் பேசிப் பேசித்தான் தேறினார். அந்த மாதிரி நாற்காலிகளைத்தான் ஓசி நிகழ்ச்சி காலி செய்தது. விதை நெல்லைக் குத்தித் தின்றுவிட்டு, அடுத்த போகத்தில் விளைச்சல் இல்லையே என்றால் எப்படி?

தேசிய அரசியல் பேச்சு இன்று போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. நம்ம ஊர் பள்ளிக்கூடம், வரி, பாலம் பற்றிச் சண்டை போட ஒரு குரல் அங்கே கிடைப்பது அபூர்வம். ஸ்டேஷனிடம் இருந்த தனிச்சரக்கே அதுதான். அதைத்தான் வீண் செலவு என்று தூக்கினார்கள்.

சிண்டிகேஷன் இன்னும் சாகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் மிச்சம் என்று எழுதியதெல்லாம் உண்மையில் மூலதனம். அதைச் சாப்பிட்டுவிட்டு லாபம் என்று காட்டினால், எங்கள் அக்கவுண்ட்ஸ் வாத்தியார்கூட மார்க் போட மாட்டார்.